மனாஜுருவில் இல்லாத ஆறடி மண்

1

இரும்புலியூரில் இருக்கும் என் பள்ளித் தோழன் தாமோதரன், தங்கள் குடியிருப்புக்காக மாதம் ஒரு சிற்றிதழ் நடத்துகிறான். மின்தடை அறிவிப்பு, நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படம், கோலப் போட்டி முடிவு, இவற்றுக்கு நடுவே இரண்டு பக்கம் காலியாகவே கிடக்கிறதாம். நான் வாழும் ஊர் ஜப்பானிலேயே அழகான கடற்கரை ஊர்களில் ஒன்று என்று எங்கோ பார்த்திருக்கிறான். அதைப் பற்றி எழுதிக் கொடு என்று பிடித்துக்கொண்டான். ஊரைப் பற்றி மட்டும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. என் மனைவி மெஹருன்னிசா இறந்து நான்கு வருடம் முடிந்த வாரம் அது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் மனாஜுரு. அது ஒரு வகை நாரையின் பெயர். சிறகை விரித்துக் கடலுக்குள் பாயும் நாரை மாதிரி நிலம் நீண்டிருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். தோக்கியோவிலிருந்து ரயிலில் தெற்கே வந்தால் ஒடவாரா என்ற நகரம் வரும். அதைத் தாண்டிச் சில நிறுத்தங்களில், சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் எங்கள் நிலையம். இறங்கினால் எல்லாமே சரிவு. மேலே ஆரஞ்சுத் தோட்டங்கள், நடுவில் வீடுகள், கீழே துறைமுகம். வீடுகளுக்கு இடையே ஓடும் சந்துகளில் இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்க்க வேண்டும். உயரமான கட்டடம் கட்ட ஊர் விடுவதில்லை. முனைக்குப் போகும் வழியில் பெருங்காடு ஒன்று வெட்டப்படாமல் நிற்கிறது. அதன் நிழல் கடலில் விழுந்தால் மீன்கள் வந்து தங்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். முனையில் மூன்று பாறைகள். தண்ணீர் வற்றும்போது அவை வரைக்கும் நடந்து போகலாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரெங்கும் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கியில் மெல்லிய இசை வரும். விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் என்று அர்த்தம். இப்போது பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இசை மட்டும் தவறாமல் வருகிறது. சில நாள் காலையில் அதே ஒலிபெருக்கியில், காணாமல் போன முதியவர் ஒருவரின் சட்டை நிறத்தைச் சொல்லிப் பார்த்தவர்கள் தெரிவிக்கச் சொல்வார்கள்.

2

நான் பம்மல்காரன். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடையில் வளர்ந்தவன். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ ஏறும் வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்தும்போதுதான் நினைவு வரும். தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, எங்கள் தெருவிலேயே ஒரு கம்பெனியில் தோலின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கே தோல் வாங்க வந்த ஒடவாராப் பட்டறைக்காரர், கைப்பை செய்யும் தன் பட்டறைக்கு என்னை அழைத்தார். மெஹரும் கைக்குழந்தையாக இருந்த ஹனாவும் சில மாதம் கழித்து வந்தார்கள். ஹனா என்றால் அரபியில் மகிழ்ச்சி, ஜப்பானிய மொழியில் பூ. இரண்டு ஊருக்கும் பொருந்தட்டும் என்று மெஹர்தான் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாள்.

ஒடவாராவில் புறாக்கூண்டு மாதிரி ஒரு வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ரயிலேறி மனாஜுருவில் இறங்கினோம். துறைமுகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறும்போது மலையில் பாதியை வெட்டி எடுத்த கல்குவாரி தெரிந்தது. மெஹர் அப்படியே நின்றுவிட்டாள். கடலைப் பார்த்து நிற்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் பார்த்தது குவாரியை.

"நம்ம பம்மல் குவாரி மாதிரியே இருக்குது, பாருங்க. இங்கயே வந்துடலாங்க."

அவள் வீடு பம்மலில் குவாரிக்குப் பின்தெருவில் இருந்தது. மதியம் வெடி வைப்பதற்கு முன் சைரன் ஊதுவார்கள், அலமாரியிலிருக்கும் பாத்திரம் அதிரும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கடலுக்காக எல்லோரும் வரும் ஊருக்கு அவள் கல்லுக்காகக் குடிவந்தாள். சரிவின் நடுவில், ஆள் இல்லாமல் கிடந்த ஒரு பழைய மரவீடு எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது.

மொழி அவளுக்குச் சீக்கிரம் வரவில்லை. ஆனால் கூச்சம் கிடையாது. துறைமுகத்துக்கு மேலே கருவாட்டுக் கடை வைத்திருக்கும் கிமுரா சான் என்ற அம்மாள் ('சான்' மரியாதைக்குச் சேர்ப்பது), அஜி என்ற மீனை இரண்டாகப் பிளந்து வலையில் உலர்த்தி விற்பார். நம் கானாங்கெளுத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான மீன். மெஹர் ஒரு நாள் கடைக்குப் போய், உங்கள் கருவாடு ருசியாக இருந்தது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு 'ஒகாஷீ' என்று சொல்லிவிட்டாள். ருசிக்கு 'ஒய்ஷீ' என்று சொல்ல வேண்டும். 'ஒகாஷீ' என்றால் ஏதோ சரியில்லை என்று பொருள். கிமுரா சான் பதறிப்போய் எல்லா மீனையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்திருக்கிறார். விஷயம் புரிந்ததும் இருவரும் கடை வாசலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவர்கள் சிநேகிதிகள். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஐம்பது சொல் இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு மதியம் முழுக்கப் பேசுவார்கள். கிமுரா சான் வீட்டுக்காரர் குவாரியில் கல் அறுப்பவர். பேச்சு குறைவு. மெஹர் கொடுக்கும் மீன் குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் தானே கொண்டுவந்து கொடுப்பார்.

அந்தக் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரின் பெருமை அதுதான். சாம்பல் பச்சை நிறம், தீயைத் தாங்கும், மழையில் கரையாது. நாடு முழுவதும் கல்லறைகளுக்கு அந்தக் கல்லைத்தான் உயர்வாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரின் சரிவிலும் அந்தக் கல்லில் செய்த கல்லறைகள் வரிசை வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன அறை. அதில் அந்தக் குடும்பத்தார் எல்லோருடைய அஸ்தியும். மெஹர் அந்த வழியாகத்தான் கடைக்குப் போவாள். இறந்தவர்களுக்கு இந்த ஊரில்தான் நல்ல காற்று வருகிறது என்று ஒருமுறை சொன்னாள்.

3

மார்ச் மாதம், துணி காயப்போட மாடிக்குப் போனவள் அங்கேயே விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. எதிர்வீட்டுக்காரர் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார். நான் பட்டறையிலிருந்தும் ஹனா பள்ளியிலிருந்தும் ஒடவாரா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மறுநாள் காலை டாக்டர் எங்களை ஓர் அறையில் உட்காரவைத்தார். பட்டறைப் பேச்சும் கடைப் பேச்சும் எனக்கு வரும். டாக்டரின் சொற்கள் எதுவும் எனக்குத் தெரிந்தவை அல்ல. அவர் ஹனாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மொழி தெரிந்த வேறு பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அது எனக்குப் புரிந்தது. இல்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக ஹனாவிடம் சொன்னார். அவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். வயது பதினான்கு. கடைசி வரை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தா, அம்மா இனிமே எழுந்துக்க மாட்டாங்களாம்."

மதியம் மெஹர் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சான்றிதழோடு ஊர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த இளைஞர் எழுந்து நின்று குனிந்து வருத்தம் சொன்னார். பிறகு, எந்தத் தகன நிலையம் என்று கேட்டார். எங்களில் எரிப்பதில்லை, புதைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். புதைப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் 'உமெரு'. பட்டறையில் கழித்த தோலை எங்கே கொட்டி மூடுகிறார்கள் என்று பேசும்போது கற்றுக்கொண்டது. என் மனைவியை 'உமெரு' செய்ய வேண்டும் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஹனா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, முன்னால் நகர்ந்து, "தோசோ தெஸ்" என்றாள். மண்ணில் அடக்கம் என்பதற்கு இங்கே உள்ள மரியாதையான சொல். அவள் அதை எங்கே கற்றாள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் போனில் தேடி வைத்துக்கொண்டாளாம்.

அந்த இளைஞர் நல்லவர். உள்ளே போய்ப் பெரியவர்களைக் கேட்டார், சட்டப் புத்தகத்தைப் புரட்டினார், இரண்டு இடங்களுக்குப் போன் செய்தார். சட்டம் தடுக்கவில்லை, அனுமதி கொடுக்கலாம். ஆனால் இந்த ஊரிலோ சுற்றுவட்டத்திலோ அடக்கம் செய்ய நிலம் கிடையாது. அதைச் சொல்லும்போது அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நாடு முழுவதற்கும் கல்லறைக் கல் அனுப்பும் ஊரில் மெஹருக்கு ஆறடி மண் இல்லை.

வாசலில் கிமுரா சானும் அவர் வீட்டுக்காரரும் காத்திருந்தார்கள். கிமுரா சான் ஹனாவைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னிடம், நான் விளங்கிக்கொள்வதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, எங்கள் கல்லறையில் இடம் இருக்கிறது, எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, மெஹர் எங்களோடு இருக்கட்டும் என்றார். அங்கிருந்து கடல் தெரியும் என்று அவர் வீட்டுக்காரர் சொன்னார்.

இந்த நாட்டில் ஒரு குடும்பம் தன் கல்லறையில் அந்நியருக்கு இடம் தருவது எத்தனை பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சின்ன அறையில் அஸ்திக்குத்தான் இடம். நான் இரண்டு கையையும் குவித்து, முடியாது என்று சொன்னேன். காரணத்தை ஹனா சொன்னாள். எரிக்காமல் அப்படியே மண்ணிலா என்று கிமுரா சான் ஹனாவிடம் கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் நல்ல மண்ணாகத் தேடுவோம் என்றார்.

4

மெஹரின் அண்ணன் சலீம், பம்மலில் லேத் பட்டறை வைத்திருப்பவர். நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். போனை எடுத்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். தங்கையை ஊருக்குக் கொண்டுவா. பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்ப முடியும், பலர் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அனுமதிகள் வந்து சேர நாளாகும், உடலுக்கு மருந்து ஏற்ற வேண்டும். மையித்தை, இறந்தவரின் உடலை, அடக்கம் செய்யத் தாமதிக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் கேட்பதாக இல்லை. அம்மா கண்ணால ஒரு தரம் பார்க்கட்டும் மச்சான் என்று அழுதார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அனுப்பிவிடலாம் என்று பாதி மனதோடு முடிவு செய்து ஹனாவிடம் சொன்னேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவ அங்க அனுப்பிட்டா, நான் எப்படிப் போய்ப் பாக்குறது?"

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை.

தோக்கியோ பள்ளிவாசல் ஒன்றின் மூலம் இடம் கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து வடக்கே, மலைகளுக்கு அப்பால், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சரிவு. புத்தக் கோயில் ஒன்று தன் நிலத்தில் ஒரு பகுதியை முஸ்லிம்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. பள்ளிவாசலில் இந்தோனேசியப் பெண்கள் மெஹரைக் குளிப்பாட்டி கஃபன் துணி சுற்றினார்கள். ஹனா தண்ணீர் ஊற்றினாள். குழி வெட்டியவர்கள், ஜனாஸாவைச் சுமந்தவர்கள், யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. வங்காளிகள், பாகிஸ்தானியர்கள், ஓர் ஆப்பிரிக்கர். அன்று வேலைக்குப் போகாமல் வந்தவர்கள். நம் ஊரில் பெண்கள் கபரஸ்தானுக்கு வருவதில்லை. அங்கே ஹனா முன்வரிசையில் நின்றாள். கிமுரா தம்பதி கறுப்பு உடையில் அவள் பின்னால் நின்றார்கள். மண் தள்ளும்போது கிமுரா சான் குனிந்து ஒரு பிடியை எடுத்து, கையால் நொறுக்கிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

பம்மலில் சலீம் வீட்டார் போனில் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் பாதியில் அறுந்துவிட்டது. அதன் பிறகு சலீம் என் அழைப்பை எடுக்கவில்லை.

வீடு திரும்பியதும் ஹனா சீருடையைத் துவைத்துப் போட்டாள். இனிமேல் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் என்னைப் பேசச் சொல்லாதீங்க அத்தா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சரி என்றேன். போனில் மொழிபெயர்க்கும் செயலியை வைத்துக்கொண்டு அன்றிலிருந்து நானே சமாளித்தேன். அவள் என்னிடம் தமிழில் பேசுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தமிழ் அவள் அம்மாவோடு பேசியது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள்.

5

போன வருடம் இருவரும் பம்மல் போனோம். வாடை போயிருந்தது. தொழிற்சாலைகள் பல மூடிவிட்டன. குவாரியில் தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி இருந்தது. கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஹனா வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

சலீம் எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டார், பிரியாணி போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஹரின் அம்மாவைக் காணவில்லை, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஹனா பேசியபோது அவர் பிள்ளைகள் சிரித்தார்கள். பதினாறு, பதினேழு வருடத்துக்கு முந்தைய பம்மல் பேச்சு, அதுவும் மெஹர் பேசியது போலவே, ஆனால் ஜப்பானிய ராகத்தில். சலீம் பிள்ளைகளை அதட்டினார். மறுபடி ஒரு தடவை பேசும்மா என்று ஹனாவிடம் கேட்டார். அவள் கூச்சப்பட்டு வாயைத் திறக்கவேயில்லை.

கிளம்பும்போது படிக்கட்டில் வைத்து என்னிடம் சொன்னார்:

"நீ கெட்டவன் இல்ல மச்சான். எனக்குத் தெரியும். ஆனா எங்க அத்தா இங்க கபரஸ்தான்ல கீறாரு, எங்க அம்மாவும் போன மாசம் இங்க வந்துட்டாங்க. அவ மட்டும் அங்க தனியா கீறா."

மெஹரின் அம்மா இறந்ததை அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது. மாமி மகளின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சலீமும் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே ஹனா ஆட்டோவில் ஏறிக் காத்திருந்தாள்.

6

எங்களில் இறந்த நாளைக் கொண்டாடுவதில்லை. ஆனாலும் மார்ச்சில் அந்தத் தேதியில் நானும் ஹனாவும் மெஹரின் கபருக்குப் போய்விடுவோம். இந்த வருடம் வண்டியை அவள் ஓட்டினாள். பள்ளிப்படிப்பு முடிந்து புதிதாக லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். வடக்கே பனி விழும் ஊரில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வழியில் ஃபூஜி மலை இடது பக்கம் கூடவே வந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

கபரஸ்தானில் வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள் அதிகமாகியிருந்தன. இடம் நிறைந்துகொண்டு வருகிறது. நான் ஃபாத்திஹா ஓதி முடித்தேன். ஹனா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அம்மாவிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் என்ற சொல் இரண்டு மூன்று முறை வந்தது.

அங்கே நிர்வாகம் பார்க்கும் பெரியவரிடம் மெஹருக்குப் பக்கத்து இடம் எனக்குக் கிடைக்குமா என்று கேட்கத்தான் அந்த முறை முக்கியமாகப் போயிருந்தேன். சலீம் சொன்ன சொல் என்னை விடவில்லை. ஊருக்குத் திரும்புவது இனி இல்லை என்று முடிவு செய்திருந்தேன். செயலியை எடுத்துப் பேச ஆரம்பித்தேன். அது என்ன சொன்னதோ, பெரியவர் குழம்பினார். ஹனா எழுந்து வந்து என் போனை மெல்லத் தாழ்த்திவிட்டு அவளே பேசினாள். முடியும் என்றார் அவர். ஆனால் காரியம் வரும்போது எல்லாவற்றையும் முன்னின்று நடத்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஹனா தன் பெயரைச் சொன்னாள். அப்படியே உங்களுக்கும் அந்த வரிசையிலேயே இடம் வைத்துவிடலாமா, பிறகு கிடைக்காது என்று அவர் அவளைக் கேட்டார். அவள் நன்றி சொல்லி, வேண்டாம் என்றாள்.

அவர் போன பிறகு, எத்தனையோ நாளுக்கு அப்புறம், தமிழில் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"உங்களுக்கு நான் செய்றேன் அத்தா. ஆபீஸ்ல பேசி, பள்ளிவாசல்ல சொல்லி, கூட்டிக்கினு வந்து அம்மா பக்கத்துல வெக்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆனா எனக்கு எடம் கேக்காதீங்க. என்ன எரிச்சிடட்டும். சாம்பலா மனாஜுருலயே இருக்கேன். எனக்காக ஒரு புள்ள இப்படிப் பேசிக்கினு நிக்க வேணாம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நம் ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். மார்க்கத்தைச் சொல்லியிருக்கலாம். அதட்டியிருக்கலாம். சின்னப் பெண், இப்போது என்ன இந்தப் பேச்சு என்று சிரித்து விட்டிருக்கலாம். எனக்கு அந்த அலுவலகமும் சீருடையில் நின்ற பிள்ளையும்தான் கண் முன்னால் வந்தன. ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்ட மூன்று பேர். மூன்றாவது ஆள் எங்களோடு வரமாட்டாள். அதை அவள் யோசித்து, முடிவெடுத்து, என்னை நோகடிக்காத சொற்களாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள். அம்மாவின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்றும் நினைத்திருக்கிறாள்.

மலைக்காற்று வீசியது. அவள் மெல்லிய சட்டை போட்டிருந்தாள்.

"குளிருது, வண்டில ஏறு" என்றேன்.

ஏறினாள். திராட்சைத் தோட்டங்களில் கொடிகள் இன்னும் துளிர்க்கவில்லை. சாலை திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்தி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

அடுத்த வாரம் அவளை ரயிலேற்றினேன். இப்போது இந்த வீட்டில் தமிழ் பேச நான் ஒருவன்தான். நேற்று சலீமுக்குப் போன் செய்து, மெஹர் பக்கத்தில் எனக்கு இடம் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, சரி மச்சான், சாப்டியா என்று கேட்டார்.